லெட்டர்ல முத்திரைய (ஸ்டாம்ப) வெட்டாதீங்க, லேமினேட்டும் பண்ணாதீங்க

பழைய பேப்பர் பழுது பார்க்கிறது தான் என் வேலை. போன மாசம் மலையகத்துல ஹட்டன் பக்கத்து தேயிலைத் தோட்டத்துல இருந்து ஒரு அக்கா நீலக்கலர் ஏரோகிராம் (கவர் இல்லாம மடிச்சு ஒட்டி அனுப்புற வான்தபால் தாள்) ஒன்னு கொண்டு வந்தாங்க. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல, அதான் தோட்டத்துச் சனத்துல ஒரு பங்கை இந்தியாவுக்கு அனுப்ப 1964ல இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தத்துல, தமிழ்நாட்டுக் கூடலூருக்குப் போன சின்னத்தாத்தா போட்டதாம், எந்த வருஷம்னு தெரியணுமாம். உள்ள தேதியே இல்ல. சரி தபால் சீல் இருக்குமேன்னு திருப்புனா முத்திரை இருந்த மூலையில சதுரமா ஒரு ஓட்டை, புள்ளைங்க யாரோ முத்திரை சேர்க்க வெட்டியிருக்காங்க, பின்பக்கத்துல "அம்மாவுக்கு இப்ப"ன்னு தொடங்கின வரி ஓட்டையில விழுந்து காணாமப் போயிருச்சு.

நேருவைப் பாருங்க. 1931 பெப்ரவரியில அப்பா மோதிலால் தவறினப்புறம் கொஞ்சம் ஓய்வுக்குன்னு கமலா, இந்திராவோட நம்ம இலங்கைக்குத் தான் வந்தார். வர்ற வழியில கப்பல்ல இருந்து மகளுக்கு எழுதின கடிதத்துல கப்பல் பேரு கிராகோவியா, தேதி ஏப்ரல் 21ன்னு போட்டிருக்கார், இத்தனைக்கும் அது மகளும் கூடவே வந்த பயணம். நுவரெலியாவுல தங்கினப்ப தோட்டத்துச் சனம் மைல் கணக்கா நடந்து வந்து காட்டுப்பூ, மரக்கறி, வீட்டுல கடைஞ்ச வெண்ணெய் எல்லாம் குடுத்தாங்க, பாஷை தெரியாம ஒருத்தர ஒருத்தர் பார்த்து சிரிச்சுக்கிட்டோம்னு சுயசரிதையில சொல்றார். அந்தச் சனத்துல ஒருத்தர் பேரும் அதுல இல்ல. அவங்க பக்கத்துக் கதை இந்த மாதிரி டிரங்குப் பெட்டி லெட்டர்ல தான் கிடக்கு.

அதனால முதல்ல ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, விலாசம் இருக்கிற பக்கம் முக்கியம். போட்டோகொப்பி எடுக்கிற கொமினிகேஷன் கடையில குடுத்து லேமினேட் பண்ணிராதீங்க, அந்தச் சூட்டுல பிளாஸ்டிக் பேப்பரோட ஒட்டிரும், அப்புறம் என்னாலயும் பிரிக்க ஏலாது. செலோடேப்பும் வேணாம், கொஞ்ச வருஷத்துல பசை மஞ்சளா ஊறி மையையும் கெடுத்துரும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தா கழட்டுங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு துரு கட்டாயம் பிடிக்கும். பூஞ்சணம் பிடிச்சிருந்தா வெயில்ல போடாம காத்தோட்டமா நிழல்ல காய விடுங்க, தட்டி ஊதாதீங்க, மூச்சுக்குள்ள போயிரும். பெட்டியை சுவரோட ஒட்டி வைக்காதீங்க, மழைக்காலத்துல லயத்துச் (தோட்டத்து வரிசை வீட்டு) சுவர் எப்படி வேர்க்கும்னு உங்களுக்கே தெரியும்.

அந்த அக்கா லெட்டர மறுபடி வரி வரியா படிச்சோம். கீழ நெருக்கி எழுதியிருந்தார், இந்திராம்மாவ சுட்டுட்டாங்க, மூணு நாளா கடை ஒன்னும் திறக்கலன்னு. இந்திரா காந்தியைச் சுட்டது 1984 அக்டோபர் 31. புதுக் கவர் ஒன்னு எடுத்து 1984 நவம்பர்னு பென்சில்ல எழுதி, உள்ள வச்சுக் குடுத்தேன்.