இரண்டு இணைப்புப் பட்டியல்கள் ஒன்றாகும் விதம்

ஒரு பட்டியலில் 3, 8, 15. இன்னொன்றில் 5, 8, 20, 31. இரண்டும் ஏறுவரிசையில் இருக்கின்றன. வரிசை குலையாமல் இவற்றை ஒரே பட்டியலாக்க வேண்டும். இரண்டுமே லிங்க்டு லிஸ்டாக, அதாவது இணைப்புப் பட்டியலாக இருந்தால், இந்த வேலையில் ஓர் எண்கூட இருந்த இடத்தை விட்டு அசையாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

இணைப்புப் பட்டியலில் ஒவ்வொரு உறுப்பும் ஒரு கணு. கணுவுக்குள் இரண்டே விஷயங்கள்: ஒரு மதிப்பு, அடுத்த கணு எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு சுட்டி. கடைசிக் கணுவின் சுட்டி எதையும் காட்டாது. கணுக்கள் நினைவகத்தில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கலாம். அவற்றை வரிசையாக்குவது சுட்டிகள் மட்டுமே. அதனால் பட்டியல்களை இணைப்பது என்றால் சில சுட்டிகளைத் திருப்பி வைப்பது, அவ்வளவுதான்.

பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற ஸ்கிரிப்டிங் மொழிகளில் சுட்டிக்கென்று தனிக் குறி கிடையாது. ஒரு கணுவுக்கு வைக்கும் பெயரே அதைச் சுட்டத்தான் செய்கிறது. ஒரே கணுவுக்கு இரண்டு பெயர் வைத்தால் இரண்டாவது நகல் உருவாகாது. இது மனதில் பதிந்துவிட்டால் மீதி எளிது.

சரி, இணைப்போம். முதல் பட்டியலின் முன்கணுவுக்கு 'இடது' என்றும், இரண்டாவதின் முன்கணுவுக்கு 'வலது' என்றும் பெயர். இவற்றோடு மதிப்பே இல்லாத ஒரு போலிக் கணுவையும் உருவாக்கிக்கொள்வோம். நிரலாளர்கள் டம்மி நோட் என்பது இதைத்தான். புதிய பட்டியலின் கடைசிக் கணுவை 'வால்' என்று அழைக்கலாம். தொடக்கத்தில் வால் இந்தப் போலிக் கணுவில் நிற்கும். போலிக் கணு எதற்கு? அது இல்லாவிட்டால், புதிய பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு நிபந்தனை எழுத வேண்டும். இருந்தால், முதல் கணுவும் நூறாவது கணுவும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

3-ஐயும் 5-ஐயும் ஒப்பிடுகிறோம். 3 சிறியது. இப்போது செய்ய வேண்டியது மூன்று வரிகள்:

வால்.அடுத்து = இடது
வால் = இடது
இடது = இடது.அடுத்து

முதல் வரி 3-ஐ ஒட்டுகிறது. இரண்டாவது, வாலை அதன்மேல் நகர்த்துகிறது. மூன்றாவது, இடது என்ற பெயரை 8-க்குக் கொண்டுபோகிறது. பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், இவை அப்படியே ஓடக்கூடிய வரிகள்தான்.

அடுத்து 8-க்கும் 5-க்கும் போட்டி. 5 ஒட்டிக்கொள்கிறது. பிறகு 8-உம் 8-உம் எதிரெதிரே நிற்கின்றன. இங்கே கவனம் வேண்டும். சமமாக இருந்தால் இடதுபக்கத்துக்கே முன்னுரிமை என்று வைத்தால், சமமானவற்றின் பழைய முன்பின் வரிசை கெடாது. வெறும் எண்களுக்கு இது முக்கியமில்லை. பெயர் வாரியாக ஏற்கெனவே அடுக்கிய பதிவுகளைத் தேதி வாரியாக மறுபடி அடுக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். நிரலில் வித்தியாசம் ஒரே குறிதான்: 'சிறியது' என்பதற்குப் பதில் 'சிறியது அல்லது சமம்'.

அதன்பின் வலதுபக்க 8, அப்புறம் 15. இடது காலியாகிவிட்டது. மிச்சமிருக்கும் 20, 31 இரண்டையும் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டியதில்லை. வாலின் சுட்டியை 20-க்குத் திருப்பினால் போதும், 31 அதன் பின்னாலேயே வந்துவிடும். மொத்தம் 5 ஒப்பீடுகள். ஏழு கணுக்களுக்கு எவ்வளவு மோசமான நிலையிலும் 6-க்கு மேல் போகாது. மிச்சம் லட்சம் கணுக்களாக இருந்தாலும் அந்தக் கடைசித் திருப்பம் ஒன்றேதான்.

இப்போது அந்த மூன்று வரிகளுக்குத் திரும்புவோம். முதல் இரண்டையும் சுருக்கி இப்படி எழுதத் தோன்றும்:

வால் = வால்.அடுத்து = இடது

ஜாவாஸ்கிரிப்டில் இது சரியாக வேலை செய்யும். அங்கே எந்த வாலின் 'அடுத்து' என்பது வால் நகர்வதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இதே வரியைப் பைத்தானுக்குக் கொண்டுவந்தபோதுதான் நான் வித்தியாசத்தைப் பார்த்தேன். பைத்தான் வலது ஓரத்து மதிப்பை எடுத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயருக்கும் கொடுக்கிறது. எனவே வால் முதலில் 3-க்குத் தாவிவிடுகிறது. அதன் பிறகே 'வால்.அடுத்து' நிரப்பப்படுகிறது. விளைவு, 3-இன் சுட்டி 3-ஐயே காட்டுகிறது. போலிக் கணுவோடு எதுவும் ஒட்டவே இல்லை.

சேதம் அதோடு நிற்பதில்லை. 8-ஐப் பிடித்துக்கொண்டிருந்தது 3-இன் சுட்டி மட்டும்தான். வழக்கமாக நாம் பயன்படுத்தும் பைத்தான் வடிவமான சிபைத்தான், ஒவ்வொரு பொருளையும் எத்தனை சுட்டிகள் காட்டுகின்றன என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பூஜ்யமானால் உடனே அந்த நினைவகத்தை விடுவித்துவிடும். 8 போகிறது. 8 போனதும் 15-ஐக் காட்ட ஆளில்லை, அதுவும் போகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. இடது மறுபடி மறுபடி 3-க்கே வந்து நிற்க, இந்த வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுழற்சி முடியாமல் ஓடும். அந்த வரியிலேயே இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி 'வால்.அடுத்து = வால் = இடது' என்று எழுதினால் இரண்டு மொழிகளிலும் சரியாக இருக்கும். ஆனாலும் தனித்தனி வரிகளாக எழுதுவதே நல்லது என்பேன். படிக்கிறவருக்கு எந்தச் சுட்டி எப்போது திரும்புகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

இதே இணைப்பைத் தன்னைத்தானே அழைக்கும் சார்பாகவும் எழுதலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கணுவுக்கும் ஓர் அழைப்பு என்று அடுக்கு உயர்ந்துகொண்டே போகும். பைத்தானில் இயல்பான எல்லை 1000. அதைத் தொட்டதும் நிரல் நின்றுவிடும். நீளமான பட்டியலுக்குச் சுழற்சிதான் சரி.

இரண்டுக்குப் பதில் 64 பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் 1000 கணுக்கள் என்றால்? முதலாவதோடு இரண்டாவது, அதோடு மூன்றாவது என்று போனால், முன்பு இணைத்ததையே திரும்பத் திரும்பக் கடக்க வேண்டியிருக்கும். மோசமான நிலையில் ஏறக்குறைய 20,79,000 ஒப்பீடுகள். இரண்டிரண்டாகச் சேர்த்து 32, 16, 8 என்று குறைத்துக்கொண்டே வந்தால் ஆறே சுற்று, 3,84,000-க்குள் முடிந்துவிடும். அதே கணுக்கள், அதே மூன்று வரிகள். சேர்க்கும் முறை மட்டுமே வேறு.

இப்படி அடுக்கிய துண்டுகளை இணைத்து இணைத்தே முழுவதையும் வரிசையாக்கும் முறைக்கு மெர்ஜ் சார்ட் என்று பெயர். வரலாற்றில் இணைப்புப் பட்டியலைவிட இதுதான் முந்தியது. கணித அறிஞர் ஜான் வான் நாய்மன் 1945-இல் அதை வகுத்தார். இணைப்புப் பட்டியல் அதற்குப் பத்தாண்டு கழித்து, 1955-56-இல், நியூவெல், ஷா, சைமன் என்ற மூன்று ஆய்வாளர்களின் கைகளில் உருவானது. இரண்டும் பொருந்திப்போனதற்குக் காரணம் இருக்கிறது. நடுவில் இருக்கும் எதையும் இணைப்புப் பட்டியலில் சட்டென்று எட்ட முடியாது. மெர்ஜ் சார்ட் இணைக்கும்போது கேட்பதோ முன்கணுவை மட்டும்தான்.

பைத்தானின் சொந்த 'லிஸ்ட்' இணைப்புப் பட்டியல் கிடையாது. அது நினைவகத்தில் அடுத்தடுத்து அடுக்கிய சுட்டிகளின் வரிசை. அன்றாட வேலைக்கு அதையும், அதை வரிசையாக்க டிம் பீட்டர்ஸ் 2002-இல் எழுதிய டிம்சார்ட் என்ற முறையையும் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம். அடுக்கிய இரண்டு லிஸ்டுகளை ஒட்டிக் கொடுத்தால், அவை ஏற்கெனவே வரிசையில் இருப்பதை அது கண்டுபிடித்து இணைத்துவிடும். ஆனால் அதற்காகச் சிறிய பகுதியைத் தற்காலிகமாக வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. இணைப்புப் பட்டியலுக்கு அந்த இடம் தேவைப்படுவதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இணைப்புப் பட்டியல்களை அடுக்கும் நிரல் இன்றும் மெர்ஜ் சார்ட்தான். அங்கேயும் கணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, சுட்டிகள் மட்டும் திரும்புகின்றன.