இண்டிஜினஸ் பீப்பிள்ஸ்: கடைசியில் நிற்கும் அந்த 'ஸ்'

'இண்டிஜினஸ் பீப்பிள்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழில் எப்படி எழுதுவது? முதலில் 'இண்டிஜினஸ்'. அதைக் கேட்டதும் 'இந்தியா' ஞாபகத்துக்கு வருவது சகஜம். ஆனால் இரண்டுக்கும் உறவு கிடையாது. 'இந்தியா' சிந்து நதியின் பெயரிலிருந்து வந்தது. 'இண்டிஜினஸ்' லத்தீனின் 'இண்டிஜெனா'விலிருந்து வந்தது. உள்ளேயே பிறந்தவர், அதாவது அந்த மண்ணிலேயே பிறந்தவர் என்று பொருள். அப்படியென்றால் நேர்ச்சொல் 'மண்ணின் மைந்தர்'தான். ஆனால் மேடை அரசியலில் அடிபட்டு அடிபட்டு அதன் பொருள் வேறு பக்கம் போய்விட்டது.

'ஆதிவாசி' வடமொழிச் சொல். பேச்சில் 'காட்டுவாசி' என்ற ஏளனத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'பழங்குடி' திருக்குறளிலேயே (955) இருக்கிறது. ஆனால் அங்கே, வறுமை வந்தாலும் பண்பு குறையாத, வழிவழியாக வந்த குடும்பம் என்று பொருள். இன்றைய பொருள் பிறகு ஏறியது.

சரி, 'பீப்பிள்ஸ்'? சிக்கல் இங்கேதான். 'பீப்பிள்' என்றால் ஆட்கள். 'ஸ்' சேர்ந்தால் தனித்தனி மக்களினங்கள். 1966இன் இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகளும் சுயநிர்ணய உரிமையை, அதாவது தங்கள் அரசியல் நிலையைத் தாங்களே முடிவுசெய்யும் உரிமையை, 'பீப்பிள்ஸ்' அனைவருக்கும் தருகின்றன. அதனால் பல அரசுகளுக்கு அந்த 'ஸ்' மீது பயம். 1989இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பழங்குடிகளுக்காகக் கொண்டுவந்த 169ஆம் உடன்படிக்கை அதைச் சேர்த்துக்கொண்டது. கையோடு, 'இந்தச் சொல்லால் சர்வதேசச் சட்ட உரிமை எதுவும் வந்துவிடாது' என்ற பொருளில் ஒரு உட்பிரிவையும் எழுதிவைத்தது! 1992 ரியோ சுற்றுச்சூழல் மாநாட்டின் செயல்திட்டமான அஜெண்டா 21இல், பழங்குடிகளுக்கென்றே இருந்த 26ஆம் அத்தியாயத்தில், 'ஸ்' இல்லை. 2007இல் பழங்குடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் 'பீப்பிள்ஸ்' என்ற பெயரோடே நிறைவேறியது: ஆதரவு 144, எதிர்ப்பு 4. உயிரின வகைகளைக் காப்பதற்கான பல்லுயிர் உடன்படிக்கையின் தீர்மானங்களில் அச்சொல் நுழைய 2014 ஆனது.

ஒரு எழுத்துக்கு ஏன் இத்தனை சண்டை? இப்படிப்பட்ட சர்வதேசப் பேச்சுவார்த்தை அரங்கைப் பாருங்கள். பெயர்ப்பலகைக்குப் பின்னால் நாடுகள் அமர்ந்திருக்கும். பழங்குடிப் பிரதிநிதிகள் பார்வையாளர்கள். பெரும்பாலும் நாடுகள் பேசி முடித்து நேரமிருந்தால்தான் அவர்கள் முறை. ஆட்கள் என்று வைத்தால் அவர்கள் வணிக அமைப்புகளைப் போல இன்னொரு தரப்பு, அவ்வளவுதான். மக்களினம் என்றால் உரிமை உள்ளவர்கள். கேட்காமல் முடிவெடுக்க முடியாது. அந்த எண்ணம் மெல்ல மெல்லத்தான் அரங்கில் இடம் பிடித்தது. 2018இல் போலந்தின் கட்டோவிட்சே நகரில் நடந்த காலநிலை மாநாட்டில் ஒரு செயற்குழுவுக்கு 14 இடங்கள் ஒதுக்கினார்கள். நாடுகளுக்கு 7, பழங்குடிகளுக்கு 7. அப்புறம் 2024இல் கொலம்பியாவின் காலி நகரில், பல்லுயிர் உடன்படிக்கையின் கீழ் இவர்களுக்கென நிரந்தரத் துணை அமைப்பே வந்தது.

தமிழில் 'பழங்குடி மக்கள்' என்று எழுதும்போது இந்தச் சண்டை முழுவதும் காணாமல் போகிறது. 'மக்கள்' இரண்டுக்கும் பொது. 'மக்களினங்கள்' என்று எழுதினால் பொருள் சரி, நீளம்தான் கொஞ்சம் அதிகம். என் ஓட்டு 'பழங்குடிகள்' என்பதற்கு. 'குடி' என்பதே ஒரு கூட்டம்தானே. ஆறு பழங்குடியினர் வந்தார்கள் என்றால் ஆறு பேர். ஆறு பழங்குடிகள் வந்தன என்றால் ஆறு இனங்கள்.