பழைய பீட்டிலுக்குப் புது கிளட்ச்: முதலில் கியர்பாக்ஸைப் பாருங்கள்

1965-ல் செய்த ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை எடுத்துக்கொள்வோம். பின்பக்க மூடியைத் திறந்தால் காற்றிலேயே குளிரும் 1200 சிசி இன்ஜின், 34 குதிரைத்திறன். வண்டி முழுக்க 6 வோல்ட் மின்சாரம். இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களில் பலர் ஒரு கட்டத்தில் அந்த இன்ஜினை இறக்கிவிட்டு, 1970-களில் வந்த 50 குதிரைத்திறன் 1600 சிசி இன்ஜினை ஏற்றுகிறார்கள். ஏற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பீட்டிலில் இன்ஜினும் கியர்பாக்ஸும் நான்கே போல்ட்டில் சேர்கின்றன. சிக்கல் அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் கிளட்சில்தான் தொடங்குகிறது.

கிளட்ச் என்ன செய்கிறது? ஒரு எவர்சில்வர் தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பிடியுங்கள். இன்னொருவர் அதைத் திருப்பப் பார்க்கட்டும். நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு அது நகர மறுக்கும். ஒரு கை ஃப்ளைவீல், அதாவது இன்ஜின் முனையில் சுற்றும் கனமான சக்கரம். இன்னொரு கை பிரஷர் பிளேட், ஸ்பிரிங் விசையால் அழுத்தும் தட்டு. நடுவில் இருப்பது கிளட்ச் பிளேட், அதன் இரு பக்கமும் உராய்வதற்கென்று லைனிங் ஒட்டியிருக்கும். இரண்டு கைகளும் இன்ஜினோடு சுற்றுகின்றன. நடுத்தட்டு கியர்பாக்ஸ் ஷாஃப்டில் கோர்த்திருக்கிறது. பெடலை மிதித்தால் பிடி தளர்கிறது, அவ்வளவுதான்.

பிடியின் பலத்தை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: லைனிங்கின் உராய்வு, அழுத்தும் விசை, லைனிங்கின் சராசரி ஆரம், உராயும் பக்கங்கள் இரண்டு என்பது. நான்கையும் பெருக்கினால் கிளட்ச் நழுவாமல் தாங்கும் முறுக்குவிசை கிடைத்துவிடும். 1200 இன்ஜின் தருவது சுமார் 82 நியூட்டன் மீட்டர், 1600 தருவது சுமார் 106. கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று 160 வரை தாங்குகிற கிளட்சாகப் பார்ப்போம். உராய்வு எண் 0.3, சராசரி ஆரம் 8 சென்டிமீட்டர் என்று வைத்தால், பிரஷர் பிளேட் சுமார் 340 கிலோ எடைக்குச் சமமாக அழுத்த வேண்டும். ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்ன வட்டத்தின் மேல் ஐந்து ஆட்கள் ஏறி நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் நம் இடது கால் அந்த ஐந்து பேரையும் தூக்கி இறக்குகிறது.

6 வோல்ட் கால பீட்டிலின் கிளட்ச் பிளேட் 180 மில்லிமீட்டர் விட்டம். பிறகு வந்த 12 வோல்ட் வண்டிகளில் 200. விட்டம் கூடினால் ஆரமும் கூடும், அதே ஸ்பிரிங் விசையில் பிடி இறுகும். அதனால் 200-க்கு மாறுவது நியாயமான யோசனைதான். ஆனால் 200 பிளேட்டுக்கு அதற்குரிய ஃப்ளைவீல் வேண்டும். ஃப்ளைவீலின் விளிம்பில் ஸ்டார்ட்டர் கவ்வும் பற்கள் உண்டு: பழையதில் 109, புதியதில் 130. வெளி விட்டமும் சற்றுப் பெரியது. பழைய கியர்பாக்ஸின் மணி போன்ற கூட்டுக்குள் அதை நுழைத்தால் சில இடங்களில் உரசும். அந்த இடங்களை அரைத்துக் குறைக்க வேண்டும். 12 வோல்ட் ஸ்டார்ட்டருக்கும் மாற வேண்டிவரும். அதன் ஷாஃப்ட் முனை மெலிந்தது என்பதால் கியர்பாக்ஸ் கூட்டில் அது உட்காரும் புஷ்ஷையும் மாற்றியாக வேண்டும்.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிகிற வேலை. அதிகம் பேர் இடறுவது ரிலீஸ் பேரிங்கில். பெடலை மிதித்ததும் முன்னே போய் பிரஷர் பிளேட்டைத் தள்ளும் பேரிங் அது. கையில் வைத்துப் பார்த்தால் பழையதும் புதியதும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வேலை செய்யும் விதம்தான் வேறு.

1970 வரையிலான கியர்பாக்ஸில் இந்த பேரிங்குக்கு வழிகாட்ட ஏதும் கிடையாது. குறுக்கே போகும் ஒரு ஷாஃப்டில் இரண்டு விரல்கள் நீட்டியிருக்கும். அவற்றில் கிளிப் போட்டு பேரிங்கை மாட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் திரும்பும்போது பேரிங் நேராகப் போகாது, கதவு திறக்கிற மாதிரி ஒரு வில்லில் நகரும். மையத்திலிருந்து இம்மி விலகத்தான் செய்யும். அதை ஈடுகட்டத்தான் அந்தக் காலத்து பிரஷர் பிளேட்டின் நடுவில் ஒரு தட்டையான வளையம் இருக்கிறது. பேரிங் அந்த வளையத்தின் மேல் கொஞ்சம் அப்படி இப்படி நகர்ந்தாலும் தள்ளும் விசை எல்லாப் பக்கமும் சமமாகப் போகும். எவ்வளவு அழகான தீர்வு!

1971 மாடலில் ஃபோக்ஸ்வேகன் இதை மாற்றியது. கியர்பாக்ஸ் ஷாஃப்டைச் சுற்றி ஒரு வழிகாட்டிக் குழாய் வந்தது. பேரிங் அதன் மேல் நேராகச் சறுக்கிப் போகிறது. மையம் தவறவே தவறாது, ஆகவே வளையம் தேவையில்லை. பேரிங் நேரடியாக, பிரஷர் பிளேட்டின் நடுவை நோக்கி நீளும் ஸ்பிரிங் விரல்களின் நுனியைத் தொடுகிறது.

இப்போது 1965 கியர்பாக்ஸில், வளையம் இல்லாத புது பிரஷர் பிளேட்டை மாட்டினால் என்ன ஆகும்? வழிகாட்டி இல்லாத பேரிங் அந்த விரல் நுனிகளின் மேல் அலைபாயும். சத்தம் வரும், விரல்கள் ஒரு பக்கமாகத் தேயும், பேரிங் சீக்கிரம் போய்விடும். இன்ஜின் எந்த வருடத்தது என்று பார்த்து கிளட்ச் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிரஷர் பிளேட் இன்ஜினில்தான் இருக்கிறது, ஆனால் அதைத் தள்ளும் கை கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. கியர்பாக்ஸின் வருடத்தைச் சொல்லித்தான் பிரஷர் பிளேட்டும் பேரிங்கும் வாங்க வேண்டும். விட்டம் 200 ஆக இருக்கலாம், நடுவில் வளையம் இருக்க வேண்டும்.

சரி, இவ்வளவு செய்கிறோமே, பந்தய வண்டிக்குப் போடும் கடினமான பிரஷர் பிளேட்டையே போட்டுவிட்டால் என்ன? வேண்டாம் என்பேன். ஸ்பிரிங் விசை கூடக் கூட பெடல், கேபிள், குறுக்கு ஷாஃப்ட் எல்லாம் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். பீட்டிலில் ஹைட்ராலிக் கிடையாது. முன்னால் இருக்கும் பெடலிலிருந்து பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ் வரை ஒரே ஒரு எஃகுக் கேபிள்தான் இழுக்கிறது. இன்னொன்றும் உண்டு. அளவான கிளட்ச் திடீர் அதிர்ச்சி வந்தால் ஒரு நொடி நழுவி கியர் பற்களைக் காப்பாற்றும். நழுவாத கிளட்ச் அந்த அடியை அப்படியே அறுபது வயது கியர் பற்களிடம் ஒப்படைத்துவிடும். ஆலையிலிருந்து வந்த 1600 இன்ஜினுக்கு சாதாரண 200 கிளட்சே தாராளம். நடுவில் சின்னச் சுருள் ஸ்பிரிங்குகள் உள்ள கிளட்ச் பிளேட்டாகப் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது. இன்ஜின் விட்டுவிட்டுத் தரும் துடிப்பை அவை உள்வாங்கிக்கொள்ளும்.

இன்ஜின் இறங்கியிருக்கும்போதே இரண்டு ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். ஒன்று ஃப்ளைவீலுக்குப் பின்னால், இன்னொன்று கியர்பாக்ஸ் ஷாஃப்டைச் சுற்றி. லைனிங்கில் எண்ணெய் பட்டால் மேலே போட்ட கணக்கில் உராய்வு எண் சரிந்துவிடும், பிறகு எந்த ஸ்பிரிங்கும் உதவாது. ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் நடு நட்டை 294 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும். சாதாரண ஸ்பேனரில் கைக்கணக்காக முறுக்கிவிட்டு விடாதீர்கள். அது தளர்ந்தால் ஃப்ளைவீலோடு கிராங்க் ஷாஃப்டும் வீணாகிவிடும். கூட்டுக்குள் படிந்திருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதவே ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு, கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில் இருக்கும் காது வைத்த நட்டைத் திருப்பி, பெடலில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெற்று அசைவு வையுங்கள். அப்புறமும் வண்டி கிளம்பும்போது தடதடவென்று உதறினால் உடனே புது கிளட்சைக் குறை சொல்லிவிட வேண்டாம். வண்டிக்கு அடியில் படுத்து, கேபிள் கியர்பாக்ஸுக்குள் போவதற்கு முன் நுழைந்து வரும் வளையும் குழாயைப் பாருங்கள். அது நடுவில் 25 முதல் 45 மில்லிமீட்டர் வரை தொய்ந்திருக்க வேண்டும். இன்ஜின் ஆடும்போது கேபிள் சுண்டி இழுபடாமல் இருக்க அந்தத் தொய்வு தரும் மெல்லிய உராய்வு வேண்டும். குழாய் நேராக இருந்தால் அதன் முனையில் ஒரு வாஷர் சேர்த்துத் தொய்வைக் கூட்டிவிட்டு, மறுபடி வண்டியை எடுத்துப் பாருங்கள்.