அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுப் பணம்: எஃப்-1 மாணவர் விசாவில் போகும் பிள்ளைக்கு எது கிடைக்கும்?

டெல்லி ஆர்.கே.புரம், முனிர்கா பக்கம் டென்னிஸ் மட்டையோடு பிள்ளைகளை அழைத்துப்போகும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்பது இதுதான்: "அமெரிக்காவுல காலேஜுக்கு விளையாடினா சம்பளமே தர்றாங்களாமே?"

தருகிறார்கள். நம் பிள்ளை கைக்கு வருமா என்பதுதான் சிக்கல்.

அங்கே கல்லூரி ஆட்டத்துக்கே மைதானம் நிரம்பும், டிவி உரிமையில் பணம் கொட்டும். ஆடுகிறவருக்கோ நெடுங்காலம் படிப்பு, தங்கல், சாப்பாட்டுச் செலவுதான். விளம்பரத்தில் சம்பாதிக்கவே, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 2021 ஜூலையில்தான் விட்டது. அப்புறம் 2025 ஜூன் 6 அன்று, வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். பழைய வீரர்களுக்கு இழப்பீடு சுமார் 280 கோடி டாலர். 2025 ஜூலை 1 முதல் கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரியின் உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். இதில் பெரும்பங்கு அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் பாஸ்கெட்பாலுக்கும் போகிறது. டென்னிஸ், நீச்சல், தடகளத்துக்கு மிச்சம் மீதிதான்.

அந்த மிச்சத்திலும் விசா குறுக்கே நிற்கிறது. சமரசம் விசா விதியைத் தொடவே இல்லை. எஃப்-1 மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம்; வெளியே பார்க்கத் தனி அனுமதி வேண்டும். அங்கே இருந்துகொண்டு விளம்பரத்தில் நடிப்பதும், காசு வாங்கி இன்ஸ்டாகிராமில் பதிவு போடுவதும் 'வேலை' என்று கணக்கானால் விசாவுக்கே ஆபத்து. பக்கத்து அறை அமெரிக்கப் பையனுக்கு இந்தக் கவலை கிடையாது. நியாயமா என்றால், இல்லைதான்.

விளையாட்டு உதவித்தொகைக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. டெல்லியில் வளர்ந்த உயரம் தாண்டும் வீரர் தேஜஸ்வின் சங்கர் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் படித்தார். 2018, 2022 இரண்டு ஆண்டும் என்சிஏஏ பட்டம் வென்றார். ஒன்று சொல்லிவிடுகிறேன்: உதவித்தொகையில் கல்விக் கட்டணப் பகுதிக்கு வரி இல்லை, தங்கல், சாப்பாட்டுப் பகுதிக்கு உண்டு. வழக்கமாக 14 சதவீதம் பிடிப்பார்கள். இந்திய மாணவருக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி நிலையான கழிவு (வரி போடாமல் விடும் ஒரு தொகை) இருப்பதால், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்ததில் ஒரு பகுதியாவது பெரும்பாலும் திரும்பும்.

விளம்பர ஒப்பந்தம் எதுவும் வந்தால், "ஒண்ணும் ஆகாது" என்று கோச் சொல்வதை நம்பிக் கையெழுத்து போடாதீர்கள். விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் தருகிற, கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.