சான்சல் கருவறை அல்ல

இங்கிலாந்தின் பழைய கிராமத் தேவாலயங்களைப் பற்றித் தமிழில் எது வந்தாலும், சான்சல் (மக்கள் நிற்கும் நெடுங்கூடத்துக்குக் கிழக்கே, குருக்களுக்குரிய பகுதி) வரும் இடத்தில் ‘கருவறை’ என்று போட்டுவிடுகிறார்கள். பீடம் அங்கே இருக்கிறதல்லவா, அதோடு தீர்ந்தது.

வேர் எளிது. லத்தீனில் கான்செல்லி என்றால் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் கோத்த தடுப்பு. தடுப்பின் பெயரே அதற்கு அப்பாலுள்ள இடத்துக்கும் ஆயிற்று. எழுதியதைக் குறுக்குக் கோடுகளால் அடித்ததிலிருந்து நம் ‘டிக்கெட் கேன்சல்’ வந்தது. நீதிமன்றத் தடுப்பருகே நின்ற ஊழியனிடமிருந்து சான்சலர். அந்த ஊழியனைத்தான் நாம் பல்கலைக்கழகத்துக்கு ‘வேந்தர்’ ஆக்கியிருக்கிறோம்.

கருவறை ஏன் பொருந்தாது? அது இருண்ட சிற்றறை. ஒரே வாசல், உள்ளே மூலவர், மேலே விமானம். சான்சலின் கூரையோ பெரும்பாலும் மக்கள் நிற்கும் நெடுங்கூடத்தின் கூரையைவிடத் தாழ்வு. கோபுரம் பெரும்பாலும் எதிர்ப்பக்கம், மேற்கே. கிழக்குச் சுவரில் பெரிய ஜன்னல். தெற்குச் சுவரில் பூசைப் பாத்திரம் கழுவிய நீரை ஊற்றும் கல்தொட்டி, பக்கத்தில் குருக்கள் அமரும் கல்லிருக்கைகள். தரையில் கல்லறைகள். கருவறையில் பிணம் புதைப்பார்களா?

ஹெரிஃபோர்ட்ஷயரில் கில்பெக் என்ற சிற்றூர்த் தேவாலயம், சுமார் 1140இல் கட்டியது, இந்த மொழிபெயர்ப்பை ஒரே பார்வையில் கவிழ்த்துவிடும். அங்கே மூன்று பகுதிகள் வரிசையாக நிற்கின்றன: நெடுங்கூடம், சான்சல், கடைசியில் அரைவட்ட முடிவறை. பீடத்துக்குரிய இடம் அந்த முடிவறை. சான்சல் நடுவில். நம் கோயில் கணக்கில் பார்த்தாலும் அது அர்த்தமண்டபம் இருக்கும் இடம்! சான்சலைக் கருவறை ஆக்கியவர் முடிவறைக்கு வந்ததும் வேறு வழியில்லாமல் ‘உட்கருவறை’ என்று ஒன்றைப் படைக்கிறார்.

பணக்கணக்கில் குழப்பம் இன்னும் பெரிது. ஊர் விளைச்சலில் பத்திலொரு பங்கான தசமபாகத்தை வாங்கும் உரிமையுள்ள ரெக்டர் சான்சலைப் பழுதுபார்க்க வேண்டும், நெடுங்கூடத்தைப் பங்குமக்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இடைக்கால வழக்கம். ஒரே கட்டடத்தில் பாதிக்கு ஒரு கூரையும் மீதிக்கு வேறொரு கூரையும் இருப்பதற்கு இது ஒரு காரணம். பல ஊர்களில் ரெக்டர் உரிமை மடங்களிடம் இருந்தது. மடங்கள் கலைக்கப்பட்டபின் அந்த உரிமைகள் தனியார் கைக்குப் போயின, நிலத்தோடு பழுதுபார்க்கும் பொறுப்பும் ஒட்டிக்கொண்டது. ஆஸ்டன் கான்ட்லோ ஊரில் இப்படி நிலம் வைத்திருந்த ஒரு தம்பதியர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று 2003இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இதைக் ‘கருவறைப் பழுதுச் செலவு’ என்று எழுதினால், படிப்பவர் கும்பாபிஷேகத் திருப்பணி நன்கொடை என்றல்லவா நினைப்பார்?

சரி, எது சொல்? ‘பீடமுற்றம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அது பீடத்தைச் சுற்றிய உட்பகுதிக்கே பொருந்தும். தடுப்பு என்ற பொருளில் தமிழில் ‘அழி’ உண்டு. ஆனால் ‘அழியகம்’ என்றால் இடிக்கப்போகும் கட்டடம் போல ஒலிக்கிறது. நான் ‘கிராதியகம்’ என்பேன். நம் ஊர்ப் பழைய கிறிஸ்தவக் கோயில்களில் நன்மை (நற்கருணை) வாங்க முழந்தாளிடும் தடுப்பு கிராதிதானே? அது போர்ச்சுகீசியச் சொல்லாயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். சாவியும் ஜன்னலும் மேசையும் அதே கப்பலில் வந்தவை.

கிராதியகம் என்று வைத்துக்கொண்டால் அடுத்த சொல் தானே அமைகிறது. சிலுவையைத் தாங்கி நெடுங்கூடத்தையும் கிராதியகத்தையும் பிரித்த மரத்தடுப்பு ‘சிலுவைக் கிராதி’. அதன் மேல் இருந்த பரணை இறக்கிவிட்டுத் தடுப்பை மட்டும் விடச் சொல்லி 1561இல் எலிசபெத் அரசி ஆணையிட்டார். பல ஊர்களில் பரணுக்கு ஏறிய படிக்கட்டு மட்டும் சுவருக்குள் மிஞ்சி, வெற்று வெளியில் திறக்கும் ஒரு கதவோடு நிற்கிறது.