பட்டா இருந்தும் வீடு கட்ட முடியாத மனை: நில மண்டல விதிகள் சொல்வது என்ன?

நேற்றுவரை சோளம் விளைந்த காட்டில் இன்று சுண்ணாம்பு அடித்த கல் நட்டு, கொடி கட்டி, சாமியானா போட்டிருப்பார்கள். வேனில் அழைத்துப் போய் மனையைக் காட்டுவார்கள். ஆவணம் கேட்டால் பட்டா வரும், வில்லங்கச் சான்று வரும். இரண்டும் சரியாகவே இருக்கும். அதை நம்பிப் பணத்தைக் கட்டியவர், பிறகு வீட்டுக்கு வரைபட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் “இது விவசாய மண்டலம், வீடு கட்ட முடியாது” என்ற பதிலைக் கேட்பார். நகை விற்று வாங்கிய மனை அங்கேயே நின்றுவிடும்.

இதில் யாரும் போலி ஆவணம் காட்டவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பட்டா, நிலம் யாருடையது என்று சொல்லும். அதில் என்ன செய்யலாம் என்று சொல்லாது. பட்டாவில் இருக்கும் நஞ்சை, புஞ்சை என்ற பிரிவு வருவாய்த் துறை தீர்வைக்காக வைத்தது. வீடு கட்டலாமா, கடை போடலாமா, பட்டறை வைக்கலாமா என்பதை முடிவு செய்வது முழுமைத் திட்டம் என்ற வேறோர் ஆவணம். ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்து மாஸ்டர் பிளான் என்றும் சொல்கிறோம். பட்டாவில் புஞ்சை என்றிருக்கும் நிலம் திட்டத்தில் குடியிருப்பு மண்டலமாக இருக்கலாம். அங்கே உரிய அனுமதி பெற்று வீடு கட்டலாம். சுற்றிலும் நாலு வீடு எழுந்துவிட்ட நிலம் திட்டத்தில் இன்னும் விவசாய மண்டலமாகவே இருக்கலாம். கண்ணால் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இதற்கெல்லாம் அடிப்படை 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இந்தச் சட்டப்படி திட்டமிடலையும் அனுமதியையும் கவனிப்பது சென்னைப் பெருநகரப் பகுதிக்கு சிஎம்டிஏ எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். மற்ற ஊர்களுக்குப் பெரும்பாலும் டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம். சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1976இல் வந்தது. இரண்டாம் முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. அது 1,189 சதுர கிலோமீட்டருக்கானது. 2022 அக்டோபரில் பெருநகரப் பகுதியின் எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது.

திட்டம் என்பது பெரும்பாலும் ஒரு வண்ண வரைபடம்தான். ஒவ்வொரு கிராமத்தின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு நிறம். முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று மண்டலங்கள் பிரியும். முதன்மைக் குடியிருப்பு மண்டலத்தில் வீட்டோடு சிறு கடையும் மருத்துவரின் அறையும் இருக்கலாம். பெரிய பட்டறைக்கு இடமில்லை. அங்கே வைக்கும் சிறு தொழிலுக்கு மோட்டாரின் குதிரைத்திறன் வரை வரம்பு உண்டு. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்க வேண்டும் என்ற எளிய நியாயம்தான் காரணம். விவசாய மண்டலத்தில் பண்ணை வீடு, மாட்டுத் தொழுவம், கோழிப்பண்ணை போன்றவை வரலாம். மனைப்பிரிவு போட முடியாது.

இந்த நிறங்களுக்கு மேலே இன்னொரு அடுக்கு தடையும் உண்டு. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரம் நிலத்தடி நீர் ஊறும் பகுதி, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. 2015 வெள்ளத்தைப் பார்த்த எவருக்கும் இவை ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. தியாகராய நகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து, திட்டமிட்டு எழுப்பிய பகுதி. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்றும் இருக்கிறது. பார்க்க ஏரிதான் இல்லை. அன்றைய திட்டமிடல் ஏரியைக் காலி இடமாகப் பார்த்தது. இன்றைய திட்டம் ஏரியை ஏரியாகவே விட வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு எல்லா உரிமையும் உண்டு.

சரி, மனை வாங்கப் போகும் ஒருவர் என்ன பார்க்க வேண்டும்? முதலில் கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு எண். சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சிஎம்டிஏ இணையதளத்தில் இந்த எண்ணைக் கொடுத்தே நிலப் பயன்பாட்டைப் பார்க்கலாம். மற்ற ஊர்களில் டிடிசிபியின் மாவட்ட அலுவலகத்தில் அல்லது அந்த ஊரின் திட்டக் குழும அலுவலகத்தில் கேட்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். பெரிதாகச் செலவில்லாத வேலை, பின்னால் லட்சங்களைக் காக்கும்.

அடுத்தது மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று விளம்பரம் செய்து ஒரு காலத்தில் ஏராளமான மனைகள் விற்கப்பட்டன. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் ஆகாது. டிடிசிபி அல்லது சிஎம்டிஏவின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். அதன் எண்ணும் ஆண்டும் வரைபடத்தில் இருக்கும். அந்த வரைபடத்தில் உங்கள் மனை எண்ணும் அளவும் விற்பவர் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே அலுவலகத்தில் சரிபாருங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும், அதாவது ரெராவிலும், பதிவு எண் இருக்க வேண்டும்.

அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்வதை 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. அதன்பின், இத்தகைய மனைகளைப் பதிவு செய்ய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் மறுவிற்பனைக்குப் பதிவு உண்டு. ஆனால் வீடு கட்ட அனுமதி வேண்டுமானால் மனை வரன்முறை ஆகியிருக்க வேண்டும், அதாவது அங்கீகாரமில்லாமல் போட்ட மனைக்குப் பின்னர் முறைப்படி ஒப்புதல் கிடைத்திருக்க வேண்டும். இதற்காக 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. ஆகவே “பத்திரம் பதிவாகிவிட்டது, இனிக் கவலையில்லை” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்தத் தடையைத் தாண்ட, ‘பண்ணை நிலம்’ என்ற பெயரில் விவசாய நிலத்தைச் சிறுசிறு துண்டாக, சென்ட் கணக்கில் எழுதிக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. பத்திரம் பதிவாகும். வீடு கட்ட அது உதவாது.

மண்டலம் மாற்ற முடியாதா என்று கேட்பார்கள். முடியும். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி நில வகைப்பாடு மாற்றக் கோரி விண்ணப்பிக்கலாம். அந்த நிலத்துக்குச் சாலை இருக்கிறதா, சுற்றுப்புறம் எப்படி இருக்கிறது, தண்ணீர் தேங்குமா என்றெல்லாம் ஆராய்வார்கள். செய்தித்தாளில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். தொழில்நுட்பக் குழு பரிசீலித்த பின்பே முடிவு வரும். கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. “மாத்திக் குடுத்துடலாம் சார், எல்லாம் பேசியாச்சு” என்று விற்பவர் சொன்னால், மாற்றிய ஆணையோடு வரச் சொல்லுங்கள், அதன்பின் பணம் பேசலாம். எந்தத் திட்டத்துக்குள்ளும் வராத கிராமங்களில் 47-ஏ பிரிவு பொருந்தும். விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அங்கும் நகர் ஊரமைப்பு இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். நஞ்சை ஒருமுறை மனையாகிவிட்டால் அந்த மண் மறுபடி நெல் காண்பது நடக்காத காரியம். இந்தக் கூடுதல் தடையை நான் மனதார ஆதரிக்கிறேன்.

மண்டலம் சரி, மனையும் சரி என்றால் அடுத்து வருவது கட்டட விதிகள். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுமைக்கும் பொது. இதில் அடிக்கடி காதில் விழும் சொல் எஃப்எஸ்ஐ, அதாவது தளப்பரப்புக் குறியீடு. உயரமில்லாத சாதாரணக் கட்டடத்துக்கு அது 2. உங்கள் மனை 1,200 சதுர அடி என்றால் எல்லாத் தளங்களையும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம். முன்பு இது 1.5ஆக இருந்தது. ஆனால் 2 என்பதால் மனை முழுவதையும் அடைத்துக் கட்டிவிட முடியாது. முன்னும் பின்னும் பக்கத்திலும் காலி இடம் விட வேண்டும்; எவ்வளவு என்பது சாலையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. அந்தச் சந்து வீணாய்ப் போகும் இடமாகத் தோன்றலாம். தீப்பிடித்தால் ஆள் ஓடுவதும், மழைநீர் மண்ணில் இறங்குவதும், அடுத்த வீட்டு ஜன்னலுக்குக் காற்று போவதும் அந்த வழியாகத்தான்.

2024 ஜூலையில் சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளம் அல்லது தரையும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் மனை அங்கீகாரம் பெற்றதாகவோ வரன்முறை ஆனதாகவோ இருக்க வேண்டும். கொடுத்த விவரம் தவறு என்றால் பொறுப்பு உங்களுடையது.

அனுமதியில்லாமல் கட்டினாலோ, அனுமதித்த வரைபடத்தை மீறிக் கட்டினாலோ சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின்கீழ் வேலையை நிறுத்தவும், பூட்டி முத்திரை வைக்கவும், இடிக்கவும் அதிகாரம் இருக்கிறது. அனுமதி மறுக்கப்பட்டால் 79ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம்.

இனி, மனை வாங்கிவிட்டவர்களும் கேட்டுப் பெற வேண்டிய ஓர் உரிமை. மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், சாலை போக மீதி நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்பது இதுதான். 5 ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனால், மீதி மூன்றரை ஏக்கரில் 35 சென்ட் பூங்காவுக்கு வர வேண்டும். இந்த விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரைபடத்தில் பூங்கா என்று பச்சையாக இருக்கும் இடம் நேரில் வேலி போட்ட மனையாகவோ கட்டடமாகவோ இருந்தால், அந்த 35 சென்ட் உங்கள் தெருப் பிள்ளைகளிடமிருந்து எடுக்கப்பட்டது. அங்கீகரித்த வரைபடத்தின் நகலையும் தானப் பத்திர எண்ணையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. சில மனைகளின் நடுவே ‘திட்டச் சாலை’ என்று கோடு போகும். அதைக் காரணம் காட்டி வருடக்கணக்கில் அனுமதி தராமல் வைத்திருப்பார்கள். திட்டத்தில் பொதுத் தேவைக்கு ஒதுக்கிய நிலத்தை அறிவிப்பு வெளியான 3 ஆண்டுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த ஒதுக்கீடு நீங்கியதாகக் கருதப்படும் என்கிறது 38ஆம் பிரிவு. இதைக் காட்டி மனு கொடுக்கலாம். பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

எல்லாவற்றையும்விட நாம் கோட்டை விடுவது திட்டம் தயாராகும் நேரத்தில்தான். வரைவு முழுமைத் திட்டத்தை வெளியிட்டு, கருத்தும் ஆட்சேபமும் சொல்லக் குறைந்தது 2 மாத அவகாசம் தர வேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு. நில வணிகர்கள் அந்த 2 மாதத்தைத் தவறவிடுவதில்லை. ஊர்க்காரர்களுக்குச் செய்தியே எட்டுவதில்லை. சென்னைக்கு 2046 வரையிலான மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கான பணிகள் தொடங்கிவிட்டன. மற்ற ஊர்களிலும் பழைய திட்டங்கள் திருத்தப்படுகின்றன. உங்கள் ஊர் வரைவு வெளியானதும் கிராம வரைபடத்தைத் தேடி எடுங்கள். ஏரியும், ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயும், சுடுகாடும், மேய்ச்சல் நிலமும் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். கால்வாய் குடியிருப்பு மண்டலத்துக்குள் போயிருந்தால், புல எண்ணைக் குறிப்பிட்டு, புலப்படத்தின் நகலையும் மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கும் புகைப்படத்தையும் இணைத்து ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். வக்கீல் தேவையில்லை. கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு அனுப்பினால் இன்னும் வலு. நேரில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.