வங்கியின் கணினி முடங்கினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?

2024 ஜூலை 31 அன்று இந்தியாவில் ஏறக்குறைய 300 சிறு வங்கிகளில் யுபிஐயும் ஏடிஎம்மும் நின்றுபோயின. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணினிச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தில், கணினியை முடக்கிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் என்ற தீய மென்பொருள் புகுந்திருந்தது. அது பரவிவிடாமல் இருக்க, யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ இணைப்பைத் துண்டித்தது. மறுநாள்தான் சேவை திரும்பியது.

இப்படி இணைப்பு அறுந்தால் பணம் நடுவழியில் சிக்கும். 'பற்று வைக்கப்பட்டது' என்று உங்களுக்கு எஸ்எம்எஸ் வந்திருக்கும். கடைக்காரரின் ஸ்பீக்கர் வாயே திறந்திருக்காது. இதற்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை கெடு வைத்திருக்கிறது. ஒருவருக்கு அனுப்பிய யுபிஐ பணம் அவர் கணக்கில் சேராவிட்டால், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதற்கும் ஏடிஎம்மில் வராத பணத்துக்கும் 5 நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 31-ஆம் தேதி நண்பருக்கு அனுப்பிச் சிக்கிய பணம் ஆகஸ்ட் 5-இல் திரும்பினால் 400 ரூபாய் சேர்ந்து வரவேண்டும். நீங்கள் கேட்காமலேயே வங்கி வரவு வைக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனாலும் பாஸ்புக்கைப் பார்த்துவிடுங்கள். பணம் அனுப்பவே முடியாமல் போனதற்கு இந்த இழப்பீடு கிடையாது.

கணக்கிலிருந்து பணமே களவு போயிருந்தால் வேறு விதி. வணிக வங்கிகளுக்கு 2017 ஜூலையிலும் கூட்டுறவு வங்கிகளுக்கு அதே ஆண்டு டிசம்பரிலும் வந்தது. தவறு வங்கியுடையது என்றால் உங்களுக்கு ஒரு பைசா நட்டமில்லை. வங்கி மேலும் தவறில்லை, உங்கள் மேலும் இல்லை, இடையில் யாரோ கோட்டைவிட்டார்கள் என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலைநாளுக்குள் சொன்னால்தான் முழுப் பாதுகாப்பு. 4 முதல் 7 வேலைநாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். கணினி நிறுவனத்தில் நடந்த ஊடுருவலை 'வெளியார் தவறு' என்று வங்கி வாதிட இடமுண்டு. அதனால் யார் தவறு என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் 3 நாளுக்குள் எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கும் உடனே சொல்லுங்கள். ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போன பணத்துக்கு நீங்களே பொறுப்பு.

சொன்ன 10 வேலைநாளுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளில் முடிவு. தவறு உங்களுடையது என்று நிரூபிப்பது வங்கியின் பொறுப்பு. 30 நாள் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர், விவரத்துக்கு 14448.

5 லட்ச ரூபாய் வைப்பீட்டுக் காப்பீட்டை இதோடு குழப்பவேண்டாம். அது வங்கியே நொடித்தாலோ, பணம் எடுக்க ரிசர்வ் வங்கி தடை போட்டாலோதான்.